அமெரிக்கப் பெண்ணின் கசற்

வெங்காயம் வதங்கும் வாசனையோடு சேர்ந்தேதான் அந்த அமெரிக்கப் பெண்ணின் குரல் எனக்கு நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கம், கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். பள்ளித் தோழியிடம் இரவல் வாங்கிய பாட்டுக் கசற்றை அக்கா பின்னேரம் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பாள். அதில் பாடுகிறவள் ஒரு கறுப்பின ராப் பாடகி. பாடுகிறாளா, சண்டைக்கு வருகிறாளா என்று பிரித்தறிய முடியாது. கூட்டங்களில் பேசுவாளாம், தன் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதுகிறாளாம்.

"என்னடி சொல்லுறாள்?" என்று அம்மா ஒருநாள் கேட்க, அரசாங்கத்தையும் பொலிஸையும் அவள் கிழித்த கிழியை அக்கா பெருமையாகத் தமிழில் சொல்லிவிட்டாள். போச்சு! யாழ்ப்பாணத்துச் "சுற்றிவளைப்பு" ஒன்றில் எங்கள் மாமாவை ஆமி கொண்டுபோனது வீட்டில் கிடந்த ஒரு இயக்கப் பேச்சுக் கசற்றுக்காகத்தான். அவர் திரும்பி வரவேயில்லை.

"அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. திருப்பி அனுப்பினாங்களெண்டால் என்ன செய்யிறது?" என்று சொல்லி, கசற்றை அரிசிமா டின்னுக்குள் புதைத்துவிட்டாள் அம்மா. அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அந்தச் சனிக்கிழமை கதவைத் திறந்தால் இரண்டு பொலிஸார். தெருவில் யாரோ கார்க் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம், ஏதாவது கண்டீர்களா என்று அக்காவிடம் பிரெஞ்சில் விசாரித்தார்கள். அம்மாவுக்கு அது எங்கே விளங்கியது? குசினிக்குள் ஓடினாள், மா அப்பிய கசற்றோடு வந்தாள், அக்காவைப் பின்னால் தள்ளினாள், தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள்.

"என்ரை. பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. என்னைக் கொண்டு போங்கோ!"

வயதான பொலிஸ்காரர் மாவைத் துடைத்து அட்டைப்படத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தன் மகளும் இதைத்தான் நாள் முழுக்கப் போட்டுத் தன் உயிரை வாங்குகிறாளாம். கசற்றை அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டு, 'மெர்சி, மேடம்' என்று நன்றி சொல்லி, மற்றவரோடு போய்விட்டார்.

அம்மா வாசலிலேயே குந்திவிட்டாள். அழுகிறாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள்.

"அப்ப உந்தப் பாட்டுக்காரியை ஒருத்தரும் பிடிக்கேல்லையோ?"

"இல்லையம்மா. ரிவியிலை வந்தெல்லோ கதைக்கிறா."

"உப்பிடியும் ஒரு நாடு!" என்றாள் அம்மா. அப்பாடா என்று எங்கள் மூவருக்கும் மூச்சு வந்தது.

இப்போது கசற்றும் இல்லை, அதைப் போடும் பெட்டியும் இல்லை. பக்கத்து நகரான லவாலில் என்னோடு இருக்கிற அம்மா, மணி அடித்தால் யாரென்றுகூடக் கேட்காமல் கதவை விரியத் திறக்கிறாள். "ஆரெண்டு பாத்துத் திறவுங்கோ அம்மா" என்று நான்தான் தினமும் கத்துகிறேன்.

"ஆர் வந்தால் என்ன?" என்கிறாள்.