இருபத்துநாலாவது கேள்வி

‘இன்னொருவாட்டி சார்’ என்றால் ஊரில் தெரியாத ஆள் கிடையாது. போக்குவரத்து அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் டிரைவிங் டெஸ்ட் எடுத்தவர். யாரையும் ஃபெயில் என்று வாயால் சொன்னதில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “இன்னொரு வாட்டி வாங்க” என்பார், அவ்வளவுதான். முதல் தடவையே தேறியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டாக்டர், வக்கீல், சொந்த மைத்துனன், யாருடைய பாச்சாவும் அவரிடம் பலிக்கவில்லை. மைத்துனன் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் அக்கா வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

டெஸ்ட் எடுக்கிற காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொண்டு உட்காருவார். அவருடைய சட்டமெல்லாம் அந்தப் பாதத்தில்தான் இருந்தது. ஆபத்து வரும்போது ஓட்டுகிறவர் கால் முந்தினால் பாஸ். தன் கால் முந்திவிட்டால், தலைகீழாக நின்றாலும் கிடையாது. கை நடுங்கலாம், வியர்த்துக் கொட்டலாம், கியர் அலறலாம், அதையெல்லாம் மனுஷன் மன்னித்துவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு இப்படிப்பட்டவர் சும்மா இருப்பாரா? நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், வண்டி ஓட்டுவதை விட்டுவிட்ட வயதானவர்களுக்காக ஒரு கார் சேவை தொடங்கினார்கள். ஒரு டெலிபோன், சாவி மாட்ட ஒரு பலகை, இரண்டு கார், பன்னிரண்டு தொண்டர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, நூலகத்துக்கா, பழைய சிநேகிதர் வீட்டுக்கா, முதல் நாள் போன் செய்தால் போதும், வாசலுக்கே வண்டி வரும். முதல் ஆளாகப் பேர் கொடுத்தவர் நம் சார்தான். அங்கேயும் போய்ச் சட்டம் போட்டார். எழுபது தாண்டிய ஓட்டுநர்களோடு வருஷத்துக்கு ஒரு நாள் இன்னொரு தொண்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு இருபத்துநாலு கேள்வி கொண்ட ஒரு தாளைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். இருபத்துமூன்று கேள்வி யாரும் எழுதக்கூடியதுதான். கடைசிக் கேள்வி மட்டும் இப்படி இருந்தது: ‘பக்கத்தில் இருந்தவரின் கால் எங்காவது தானாகத் தரையை அழுத்தியதா?’

எல்லோரும் சிரித்தார்கள். “சிரிங்க, சிரிங்க. வாய் பொய் சொல்லும், காலுக்கு அது தெரியாது” என்றார் சார்.

செவ்வாய்க்கிழமை அவர் முறை. காலை ஒன்பதரைக்கு முடிதிருத்துபவர் வீட்டு வாசலில் நிற்பார். எண்பத்துநாலு வயது முடிதிருத்துபவருக்கு முழங்கால் பயிற்சி ஆஸ்பத்திரியில். நாற்பது வருஷம் தான் தலையை ஒப்படைத்த மனுஷன் இப்போது தன்னிடம் உயிரை ஒப்படைத்திருக்கிறார் என்று சாருக்கு ஒரு கர்வம். திங்கள் ராத்திரியே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவார். மற்ற ஆறு நாளும் செவ்வாய்க்காகக் காத்திருப்பதுதான் அவருக்கு வேலை.

இந்த வருஷம் அவருக்கு எழுபத்தாறு. போன வருஷத் தாளில் ஒரு குறை இல்லை. இந்த வருஷமோ, இரண்டு தடவை காரைக் கோணலாக நிறுத்திவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்திருந்தார். அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. தாளில் ஒரு கேள்வி சறுக்கினாலும் சாவி பலகைக்குப் போய்விடும், செவ்வாயும் போய்விடும். அந்தப் பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

பரிசோதிக்க யார் வரப்போகிறார் என்று பார்த்தால், தையல்காரம்மா. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரிடம் நாலு தடவை தோற்று, ஐந்தாவது தடவை தேறிய பெண். இப்போது வியாழக்கிழமை ஓட்டுநர். அவள் தாளும் கையுமாக ஏறி உட்கார்ந்ததும் சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன சார், வேர்க்குதா?” என்றாள்.

“நீ எழுதுற வேலையைப் பாரும்மா.”

பின்னால் முடிதிருத்துபவருக்கு ஒரே கொண்டாட்டம். “நல்லா பாரு தாயி. நாலு தடவையும் நீ அழுதுக்கிட்டே என் கடையைத் தாண்டிப் போனவதானே? விடாதே!”

பேக்கரி முனை வரைக்கும் வண்டி வெண்ணெய் மாதிரி போனது. அங்கே நின்றிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திடீரென்று வெளியே வந்தார். சார் பிரேக் போட்டார். கார் நின்றது. தபால்காரர் கையை ஆட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் போனார். முடிதிருத்துபவரின் தொப்பி மட்டும் கீழே விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆனால் சார் பார்த்துவிட்டார். பக்கத்தில் தேய்ந்த நீலச் செருப்பு போட்ட கால் ஒன்று தரையை அழுத்தியிருந்தது. அவர் கால் பிரேக்குக்குப் போவதற்கு முன்னால்.

ஆஸ்பத்திரியில் முடிதிருத்துபவரைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டு வந்தார். தையல்காரம்மா தாளை நீட்டினாள். இருபத்துநாலும் சரி. கடைசிக் கேள்விக்கு நேரே, ‘இல்லை’ என்று தெளிவாக எழுதியிருந்தாள்.

“இது என்ன?”

“பாஸ் சார்.”

“பேக்கரிகிட்ட உன் கால் என்ன பண்ணிச்சு?”

“ஒண்ணும் பண்ணலையே. செருப்பு நழுவிச்சு, சரி பண்ணேன்.”

“பொய்! முப்பத்தொரு வருஷம் காலைப் பார்த்துச் சம்பளம் வாங்கினவன்கிட்டயே பொய்யா? ஊருக்கே சட்டம் பேசிட்டு எனக்கு மட்டும் சலுகையா?”

அவள் கண் கலங்கிவிட்டது. “செவ்வாய்க்கிழமை இல்லாட்டி நீங்க என்ன சார் பண்ணுவீங்க? எங்க எல்லாருக்கும் தெரியுமே.”

சாருக்குக் கோபம் பொத்தென்று இறங்கிவிட்டது. தன்னை வாட்டியவருக்காக ஒருத்தி பொய் சொல்கிறாள். அது அவருக்குத் தாங்கவில்லை. பேனாவை வாங்கி, ‘இல்லை’யை அடித்து, ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றிவந்து மறுபக்கம் ஏறினார்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கேட்டுவிட்டுக் கீரை ஆய்வதை நிறுத்தக்கூட இல்லை.

“கால் அழுத்துச்சான்னு என்னைக் கேட்டிருந்தா போன வருஷமே சொல்லியிருப்பேனே. உங்க பக்கத்துல உட்கார்ந்து உட்கார்ந்து நம்ம கார் மிதியடியில ஓட்டையே விழுந்திருச்சு. போய்ப் பாருங்க.”

“ஏன்டி சொல்லலை?”

“செவ்வாய்க்கிழமை இஸ்திரிச் சட்டையில நீங்க நல்லா இருந்தீங்க. அதான்.”

போய்ப் பார்த்தார். ஓட்டை இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சிரித்துவிட்டார்.

நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் சேவைக்கு போன் செய்தார். “செவ்வாய் ஒன்பதரை, ஆஸ்பத்திரி, ஒரு சீட்” என்றார்.

போன் எடுத்த அம்மா பதறிப்போனார். “உடம்புக்கு என்ன சார்?”

“உடம்பு கல்லு மாதிரி இருக்கு. முடிதிருத்துறவருக்குத் துணை. அவரைக் கைத்தாங்கலா உள்ள கூட்டிட்டுப் போக ஆள் வேண்டாமா? அதுக்கு என்ன லைசென்ஸா கேட்கப் போறீங்க?”

செவ்வாய்க்கிழமை இஸ்திரிச் சட்டையோடு வாசலில் நின்றார். செவ்வாயையும் சேர்த்து ஏற்றுக்கொண்ட தையல்காரம்மா, பின்னால் முடிதிருத்துபவரோடு வந்து நிறுத்தினாள். சார் முன்னால் ஏறினார். மடியில் ஒரு தாள், கையில் பேனா.

“என்ன சார் இது?”

“நீ அறுபது தாண்டியாச்சு. எழுபதுக்கு இப்பவே பழகிக்கோ. கண்ணாடியைப் பார், வண்டியை எடு.”

“முப்பது வருஷமாச்சு, இன்னும் இந்த ஆள் மாறலை பாருங்க” என்று பின்னால் இருந்தவரிடம் முறையிட்டுக்கொண்டே அவள் வண்டியை எடுத்தாள். முதல் தெருவில் மூன்று கேள்விக்கு டிக் போட்டார். இரண்டாவது தெருவில் வெயில் இதமாகக் கண்ணாடி வழியே மடியில் விழுந்தது. பின்னால் முடிதிருத்துபவர் யாரோ ஒரு வழுக்கைத் தலையரின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“சார், ஆஸ்பத்திரி.”

சார் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். பேனா கீழே கிடந்தது. பேக்கரி எப்போது போனது?

“தபால்காரர்?”

“வந்தாரு. இன்னைக்கும் அதே மாதிரி குறுக்க வந்தாரு” என்றார் முடிதிருத்துபவர். “தாயி நிறுத்தினா, அவர் போனாரு. நீ குறட்டை விட்டுக்கிட்டு இருந்தே.”

சார் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஷூவிலிருந்து பாதி நழுவி, ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. இன்னொருவர் ஓட்டும் காரில் அந்தக் கால் ஒரு நாளும் இப்படிக் கிடந்ததில்லை. பேனாவைத் தேடி எடுத்தார். நடுவில் இருபது கேள்வி காலியாகவே இருக்க, கடைசிக் கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார்.

அவள் அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

“இப்படி அன்னைக்கே தூங்கியிருந்தா எனக்கு நாலு தடவை மிச்சமாயிருக்குமே சார்!”

“அன்னைக்கு நீ ஓட்டின ஓட்டுக்கு எவன் தூங்குவான்?” என்று சொல்லிவிட்டு, சார் ஷூவைச் சரியாக மாட்டிக்கொண்டு, முடிதிருத்துபவரை இறக்கிவிடப் பின் கதவைத் திறந்தார்.