மூன்று புள்ளி வைத்த குண்டு

என் வேலை மேசையில் இப்போது விளையாட்டுப் போட்டியில் எறிகிற குண்டு ஒன்று இருக்கிறது. செம்மஞ்சள் நிறம். பார்த்தால் கொஞ்சம் பெரிய தோடம்பழம் என்று நினைக்கத் தோன்றும். தூக்கினால் மணிக்கட்டு தானாக இறங்கிவிடும். ஒரு பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சு வைத்த மூன்று சின்னப் புள்ளிகள். மறுபக்கத்தில் விரல்கள் பதிந்து பதிந்து நிறம் தேய்ந்து, சாம்பல் நிற ஈயம் எட்டிப்பார்க்கிறது. பண்டாரவளையில் நான் வேலை செய்யும் பவுடர் கோட்டிங் பட்டறைக்கு வாசல் கேட்டும் சன்னல் கிரில்லும் வரும், குண்டு வருவதில்லை. எந்தப் பொருள் வந்தாலும் முதலில் எடை, பிறகு மேற்பரப்பு, பிறகு எங்கே பிடித்துத் தொங்கவிடுவது என்று ஒழுங்காகப் பார்ப்பது என் வழக்கம். இதற்கு மட்டும் அந்த ஒழுங்கு தவறிவிட்டது. கை முதலில் அந்த மூன்று புள்ளிகளுக்குத்தான் போனது. இது என் தங்கையின் குண்டு.

அவள் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படித்தபோது குண்டு போடுவதில் வலயத்தில் முதலாவதாக வந்தாள். அடுத்தது பதுளையில் மாகாணப் போட்டி. பாடசாலையிடம் இருந்தது ஒரேயொரு இரும்புக் குண்டு. எங்கள் மைதானத்தைச் சமதளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் சரிவு. ஒரு மழைநாளில் அவள் போட்ட குண்டு கம்பி வேலிக்கு அடியில் புகுந்து, பெரிய வடிகானில் விழுந்து, சேற்றோடு போய்விட்டது. டீச்சரும் பிள்ளைகளும் கானை முழுக்கத் துழாவியும் கிடைக்கவில்லை. வேறு குண்டு வரும்வரை காத்திருந்தால் போட்டியே முடிந்துவிடும். ஓடையில் எடுத்த ஒரு கல்லை வைத்துப் பழகிப் பார்த்தாள். கல் அவள் கழுத்தைக் கீறியது. அம்மா மஞ்சளை அப்பிவிட்டு, "இத்தோட நிப்பாட்டு" என்றார். மறுநாள் தங்கை கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அதே கல்லோடு மைதானத்துக்குப் போனாள்.

ஈயம் என்று முதலில் சொன்னது அண்ணன். பசறை பஜாரில் டயர் கடையில் வேலை செய்தவன். சக்கரத்தைச் சமப்படுத்த ஓரத்தில் அடிக்கிற ஈயத் துண்டுகள் பழசானால் ஒரு டின்னில் சேரும். அவற்றை உருக்கி உருண்டையாக வார்த்துவிடலாம் என்றான். அம்மா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். ஈயம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று நர்ஸ் மிஸ் சொல்லக் கேட்டிருந்தார். அதனால் மூன்று நிபந்தனை போட்டார்: லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் உருக்கக் கூடாது, அடுப்படிச் சாமான் எதையும் தொடக் கூடாது, மூன்றாவதுதான் கடினமானது. "கழுத்துல வெச்சுத்தான போடுவா? அந்தக் கழுத்துல ஈயம் படக் கூடாது. பட்டுச்சுனா நானே தூக்கிக் கானுல எறிஞ்சிருவேன்." இரண்டாவது நிபந்தனை அன்றே மீறப்பட்டது. குழிவான குழம்புக் கரண்டிகள் இரண்டின் காம்பை வெட்டி, வாயோடு வாய் பொருத்தி, மேலே ஓட்டை போட்டு, அண்ணன் அச்சு செய்துவிட்டான். கரண்டிகள் திரும்பி வரவேயில்லை. மூன்றாவது என்னிடம் வந்தது.

பதுளையில் தொழில்நுட்பப் படிப்பை முடித்து நான் இந்தப் பட்டறையில் சேர்ந்திருந்த புதிது. பவுடர் கோட்டிங்கில் தண்ணீர் போன்ற பெயின்ட் கிடையாது. மாவு போன்ற தூளுக்கு மின்னேற்றி விசிறினால் அது உலோகத்தில் அப்பிக்கொள்ளும். பிறகு ஓவனில் இருநூறு பாகைச் சூட்டில் வைத்தால் உருகி, ஓடு மாதிரி இறுகிவிடும். ஈயம் உருகுவதற்கு அதைவிட நிறையச் சூடு வேண்டும். ஆகவே பயமில்லை. "சுத்த ஈயந்தானே?" என்று அண்ணனிடம் கேட்டேன். "வேற என்ன, தங்கமா?" என்றான். முதலாளியிடம் அனுமதி வாங்கி, ஒரு தகட்டில் மூன்று ஆணிகளை நிமிர்த்தி, அவற்றின் முனைகளில் குண்டை உட்காரவைத்து, ஒரு வீட்டு கிரில்லோடு சேர்த்து உள்ளே தள்ளினேன். கதவைத் திறந்தபோது குண்டு வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆணிகள் அதற்குள் புதைந்திருந்தன. கீழே இருந்த கிரில்லில் ஈயம் சொட்டி உறைந்திருந்தது. பளபளப்பாக வரட்டும் என்று அண்ணன் டின்னில் இருந்த, வயர் பற்றவைக்கிற சோல்டர் கம்பியையெல்லாம் சேர்த்து உருக்கியிருக்கிறான். சோல்டர் சேர்ந்த ஈயம் அந்தச் சூட்டைத் தாங்காது.

அதை வீட்டுக்குக் கொண்டுபோனபோது தங்கை அழுவாள் என்று நினைத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "குண்டு போடச் சொன்னா அக்காவும் அண்ணனும் சேந்து முட்டை போட்டிருக்கீங்க" என்றாள். அண்ணன் தலையைத் தூக்கவில்லை. அவள் சிரித்து முடித்த கையோடு, எந்தத் துண்டு நல்ல ஈயம், எது துத்தநாகம், எது இரும்பு என்று எப்படிப் பிரிப்பது என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். ஆணியால் கீறினால் ஈயம் வழிவிடும், மற்றவை விடாது, அவ்வளவுதான். மறுநாள் பாடசாலை விட்டதும் கையுறை மாட்டிக்கொண்டு, வெள்ளைச் சீருடையோடு பஜாரில் கடை கடையாக ஏறியிருக்கிறாள். அண்ணன்தான் சொன்னான். ஒரு கடைக்காரர், "எதுக்கு தங்கச்சி ஈயம்? மீன் பிடிக்கவா?" என்று கேட்டாராம். "இல்லண்ணே, மெடல் பிடிக்க" என்றாளாம். அந்தக் கடையிலேயே அரை டின் கிடைத்தது.

புதிய குண்டு வார்த்து, அச்சின் இரு பாதியும் பொருந்திய வரியை வீட்டுக்கு வெளியில் வைத்து அரத்தால் அராவி, கடைத் தராசில் எடை பார்த்து முடித்தாயிற்று. முதலாளிதான் மிச்சம். அந்த கிரில்லைச் சுரண்டி மறுபடி அடித்துக் கொடுத்த கோபம் அவருக்குத் தீரவில்லை. தங்கை தானே வருகிறேன் என்றாள். சனிக்கிழமை குண்டைப் புத்தகப்பையில் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். பட்டறையில் முதலாளி அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "என்ன, மறுபடியும் ஈயக் கூழ் காய்ச்சவா?"

"சேர், இந்தவாட்டி வேற சாமான் எதையும் உள்ளுக்கு வெக்க வேணாம். உருகினா ஓவனை நானே கழுவித் தாரேன்" என்றாள் தங்கை.

"நீ யாரு?"

"குண்டு போடுறவ."

அவர் பையைத் தூக்கிப் பார்த்து, தோள் இறங்க, உடனே கீழே வைத்தார். "இதைத் தூக்கிக்கிட்டா பசறையில இருந்து வந்தே?" என்றவர், யாரோ ஒருவரின் வாசல் கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சிய செம்மஞ்சள் தூளை எடுத்து வந்து தந்தார். கதவு மூடியிருந்த நேரம் முழுவதும் தங்கை ஓவனுக்கு முன்னால் கைகட்டி நின்றாள். திறந்தபோது குண்டு உருண்டையாகவே இருந்தது.

அம்மா அதைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளின் தலையைப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது என்னடி, தேங்காய்க்கு மாதிரி மூணு கண்ணு?" ஆணி முனைகள் தொட்ட இடங்களில் மட்டும் பூச்சு ஏறியிருக்கவில்லை. நான் விளக்கம் சொல்வதற்குள் தங்கை பக்கத்து வீட்டு அக்காவிடம் நகப்பூச்சு வாங்கி வந்து, மூன்றிலும் வைத்து, ஊதிக் காயவைத்தாள். அம்மா விரலால் தடவிப் பார்த்தார். "சரி, போடு" என்றார்.

மாகாணப் போட்டியில் ஒரு சிக்கல் காத்திருந்தது. ஈயம் இரும்பைவிடக் கனம். அதனால் அதே எடைக்கு எங்கள் குண்டு சிறியது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பழகிய விரல்களுக்குத் தெரியவில்லை. போட்டியில் கொடுத்த இரும்புக் குண்டு முதல் முறை கையை விட்டு நழுவிப் பக்கத்திலேயே விழுந்தது. பின்னால் இருந்த பையன்களில் ஒருவன், "தேயிலைக் கொழுந்துக் கூடைனு நெனச்சுக் கொட்டிருச்சு" என்றான். தங்கை திரும்பிப் பார்த்தாள். "கூடையைத் தூக்கிப் பாத்துட்டுப் பேசு தம்பி" என்றாள். பிறகு புல்லில் உட்கார்ந்து, விரல்களை அகல விரித்து முழங்காலில் அழுத்திக்கொண்டே தன் முறைக்குக் காத்திருந்தாள். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது முறை குண்டு அவள் கழுத்தை விட்டுக் கிளம்பிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் இடம். தேசியப் போட்டிக்குத் தேர்வு. அண்ணன் அழுதான். நான் அழவில்லை, அளவு நாடாவை நடுவர் சரியாகப் பிடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று அவள் அதே பாடசாலையில் விளையாட்டுப் பயிற்றுநர். பாடசாலைக்கு இப்போது இரும்புக் குண்டுகள் இருக்கின்றன. ஆனால் சின்னக் கை உள்ள பிள்ளைகள் எல்லாம் இதில்தான் தொடங்குகிறார்களாம். போன வாரம் பஸ்ஸில் இதை அனுப்பிவிட்டு எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, ஈயம் தெரியுது. பிள்ளைங்க கழுத்துல படக் கூடாது. பழசை எடுத்துட்டுப் புதுசா அடிச்சுத் தா." தேய்ந்த இடத்தில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். இந்தப் பூச்சை எடுக்க எனக்கு மனமில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. அம்மாவின் மூன்றாவது நிபந்தனை இன்னும் நடைமுறையில் இருக்கிறது. "அதே கலரா?" என்று மட்டும் கேட்டேன். "வேணாம், அது என் கலரு. இதுக நீலம் கேக்குதுக."

பூச்சை நீக்கும் கரைசலில் போட்டபோது செம்மஞ்சள் சுருங்கி, தோலாக உரிந்து வந்தது. அடியில் அண்ணனின் அரம் போன தடம் அப்படியே இருந்தது. மூன்று ஆணிகளை நிமிர்த்தி வைத்து நீலம் அடித்தேன். ஓவனுக்கு முன்னால் நானும் கைகட்டித்தான் நின்றேன். வெளியே எடுத்து ஆறியதும் அதே மூன்று புள்ளிகள், வெறும் ஈயமாக. மேசை இழுப்பறையில், விடுபட்ட இடங்களில் தொட்டுவைக்கும் பெயின்ட் இருக்கிறது. எடுக்கப்போன நேரத்தில் போனில் தங்கை அனுப்பிய செய்தி வந்தது: "புள்ளிய மட்டும் நீ பூசிராத. பிள்ளைங்க நகப்பூச்சு வாங்கி வெச்சிட்டு நிக்குதுக."