திரும்பி வருவதற்கான காரணம்

மகள் தன் கல்யாணச் செய்தியைப் போனில் சொன்னபோது நான் கோழிப்பண்ணையில் மூன்றாவது ஷெட்டின் தண்ணீர்க் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டுக்கு மேற்படிப்புக்குப் போனவள். அங்கேயே வேலை கிடைத்து, கூட வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பையனைப் பிடித்தும் போய்விட்டது. ஜூன் மாதம் நகராட்சி அலுவலகத்தில் பதிவுத் திருமணம் என்றாள். "நீ மட்டுமாவது வந்துரும்மா" என்று இரண்டு முறை சொன்னாள்.

என் கணவரிடம் அவளே முதல் நாள் சொல்லியிருந்தாள் என்பது எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது. அவர் ஒரு நாள் முழுக்க அதை என்னிடம் மறைத்திருக்கிறார். சாப்பாடு போடும்போது நான் பேச்சை எடுத்தேன். தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவ எவனையோ கட்டிக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டாம். இந்த ஊட்டுல இருந்து ஒருத்தரும் போகக் கூடாது."

"பெத்தவ போகாம வேற யாருங்க போவாங்க?"

"போறேன்னா நீயே பாத்துக்க. என்ற கிட்ட எதுக்கும் வந்து நிக்காத."

நிற்க வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். பாஸ்போர்ட் இருந்தது. மகள் படிக்கப் போன வருஷமே எடுத்து வைத்தது. டிக்கெட்டுக்கு அவள் பணம் கட்டுவதாகச் சொன்னாள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் சேலத்துக்குப் பஸ் ஏறி, விசா வாங்கித் தரும் ஏஜென்ட் ஒருவரிடம் போனேன்.

அவர் ஒரு தாளை நீட்டினார். மூன்று மாத வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், மருத்துவக் காப்பீடு, போக வர டிக்கெட் முன்பதிவு, தங்கும் இடத்துக்கு மகளின் கடிதம், வேலையில் இருந்தால் விடுப்புக் கடிதம், தொழில் இருந்தால் பதிவுச் சான்று, சொத்துப் பத்திரம்.

"நீங்க என்ன பண்றீங்கம்மா?"

"கோழிப்பண்ணைங்க. இருபத்திரண்டாயிரம் கோழி."

"பண்ணை உங்க பேருலயா?"

"அவர் பேருலங்க."

"நிலம்?"

"அவர் பேருலதான்."

"வீடு?"

நான் அந்தத் தாளை மடித்தேன். ஏஜென்ட் விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்தில் இல்லத்தரசி என்று எழுதினார். இருபத்தாறு வருஷம். குஞ்சு வந்து இறங்கும் நாட்களில் ஷெட்டிலேயே பாய் போட்டுப் படுத்துச் சூடு பார்த்தவள் நான். எந்த வரிசைக் கூண்டில் முட்டை குறைகிறது என்று என் கணவருக்கு முன்னால் எனக்குத் தெரியும். அதெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு வார்த்தைதான்.

"ஹவுஸ்வொய்ஃப்னா சிரமம் ஒண்ணுமில்லம்மா. வீட்டுக்காரரோட கணக்கு, வரிப் பேப்பர், அவர் சம்மதிச்சு ஒரு கடிதம். போதும்" என்றார் ஏஜென்ட்.

யாரிடம் போய் நிற்கக் கூடாது என்று நினைத்தேனோ, அவரிடம்தான் நிற்க வேண்டியிருந்தது. நின்றேன். தீவன மில்லின் முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ற காயிதத்தக் காட்டி நீ போவியா? முடியாது."

"ஒரு கையெழுத்துங்க. அவ்வளவுதான்."

"கையெழுத்துப் போட்டா நான் ஒத்துக்கிட்ட மாதிரி."

ஏஜென்டிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அதுக்கென்னம்மா, நாமளே போட்டுக்கலாம். யாரு பாக்கப் போறா?" எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் கணவரோடு நான் போடும் சண்டையில் பொய்க் கையெழுத்துப் போட இந்த ஆள் யார்? தாள்களை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கல்லூரியில் பி.காம் படித்தவள்தானே நான் என்று, விண்ணப்பத்தை நானே கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நிரப்பினேன். செலவு முழுவதையும் தானே ஏற்பதாக மகள் ஒரு படிவம் அனுப்பினாள். அவள் ஊர் நகராட்சி முத்திரை இருந்தது. அப்பா கையெழுத்துத் தரவில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நாமக்கல்லில் ஸ்டுடியோக்காரன் விசா போட்டோவுக்கு ஆயிரம் சட்டம் சொன்னான். முகம் பெரிதாக இருக்க வேண்டும், பின்னால் வெள்ளை, நெற்றியில் முடி விழக் கூடாது, சிரிக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது என்பது மட்டும் எனக்கு எளிதாக இருந்தது.

சென்னையில் விசா மையத்தில் விரல் ரேகை விழவில்லை. கவுன்டரில் இருந்த பெண் துணியால் என் விரல்களைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மேல் வைத்து அழுத்தினாள். ஏழெட்டு முறை. வருஷக் கணக்காகப் பண்ணையில் மருந்து கலந்த தண்ணீரில் கிடந்த விரல்கள்.

"என்ன வேலைம்மா செய்றீங்க?"

"அதுலயே எழுதியிருக்கே. இல்லத்தரசி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடியும் அழுத்தினாள். கடைசியில் எப்படியோ விழுந்தது. "ஹஸ்பண்ட் பேப்பர் ஒண்ணுமே இல்லையே" என்றாள். "இல்லை" என்றேன். ஒரு தாளில் அதைக் குறித்துக்கொண்டு என்னிடமே கையெழுத்து வாங்கினாள்.

பாஸ்போர்ட் கூரியரில் திரும்பி வந்த அன்று நான் சந்தைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் உறை பிரிந்து கிடந்தது. கணவர் உள்ளே இருந்த தாளைக் கையில் வைத்திருந்தார். வரிசையாகக் காரணங்கள் அச்சடித்து, எனக்குப் பொருந்துவதில் மட்டும் டிக் அடித்திருந்தார்கள். விசா முடியும் முன் நான் அந்த நாட்டை விட்டுக் கிளம்புவேன் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம்.

"பாத்தியா? நீ திரும்பி வர மாட்டேன்னு வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சுபோச்சு."

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு வருஷக் கணக்காகியிருந்தது.

"திரும்பி வர இங்க உனக்கு என்ன இருக்குதுன்னு கேட்டிருக்காங்க. நானும் அதைத்தானுங்க யோசிக்கறேன்" என்றேன்.

கல்யாணத்தைப் போனில்தான் பார்த்தேன். இங்கே அப்போது பிற்பகல். பண்ணையில் வீடியோ ஓடும் அளவுக்கு நெட்வொர்க் கிடைப்பது தீவன மில்லுக்குப் பக்கத்து அறையில் மட்டும். அங்கே ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். மகள் நீலப் பட்டு கட்டியிருந்தாள். ஓர் அம்மாள் மேஜைக்குப் பின்னால் நின்று எதையோ வாசித்தாள். மகள் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரம் மில் ஓட ஆரம்பித்தது. அன்று அரைக்க வேண்டிய மக்காச்சோளம் காலையிலேயே அரைத்து முடிந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கணவர் ஸ்விட்ச் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே மூட்டை எதுவும் கொட்டவில்லை. வெறும் மில் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் என்ன சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது. அவள் உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் ஷெட்டுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை.

நாமக்கல்லைச் சுற்றி விடுதியோடு கூடிய பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் பெண்கள் விடுதிக்கு வார்டன் தேவை என்று பஸ்ஸின் பின்னால் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் போய் நின்றேன். பட்டப்படிப்பு, ஐம்பது வயது, குரல் கணீரென்று இருக்கிறது, போதும் என்றார்கள். வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்க வேண்டும். சம்பளம் வங்கியில் என் பெயருக்கு வரும். நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"கோழிப்பண்ணைக்காரன் பொண்டாட்டி வார்டன் வேலைக்குப் போறான்னு ஊரே பேசுது. மானம் போகுது" என்றார் கணவர்.

"ஊர் பேசறது மில்லு சத்தத்துல உங்களுக்குக் கேக்குதுங்களா?"

அவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. நான் நகரவும் இல்லை. அந்த வாரமே நான் செய்த வேலைக்கு இரண்டு பேரைச் சம்பளம் கொடுத்து வைத்தார் என்று கேள்விப்பட்டேன். மூன்றாவது மாதம் அவர்களில் ஒருவன் தடுப்பூசியைத் தவறவிட்டு ஒரு ஷெட்டில் கோழிகள் சாகத் தொடங்கின. "வந்து பாத்துட்டுப் போ" என்று ஆள் அனுப்பினார். எனக்கு விடுமுறை நாள் ஞாயிறுதான் என்று சொல்லி அனுப்பினேன். ஞாயிறன்று போனபோது பாதி ஷெட் காலியாக இருந்தது. அந்தக் கோழிகளுக்காக நான் அழுதேன், அவருக்காக அழவில்லை.

விடுதி வேலை இதமானது என்று சொல்ல மாட்டேன். வீட்டு ஞாபகத்தில் அழும் பிள்ளைகள், மதிப்பெண் குறைந்ததற்கு என்னைத் திட்டும் பெற்றோர், பருப்பில் வண்டு. ஆனால் ஒவ்வொரு மாதமும் வங்கியில் என் பெயர் ஒரு வரியில் அச்சாகி வந்தது.

அடுத்த மார்ச்சில் தாளாளரிடம் விடுப்புக் கடிதம் கேட்டேன். மே மாதம் முழுக்கப் பள்ளி விடுமுறைதான். ஆனாலும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கடிதம் கொடுத்துட்டு நீங்க அங்கயே தங்கிட்டா, எங்க பள்ளிக்கூடத்துக்கில்ல கெட்ட பேரு?"

"இந்தப் பத்து மாசத்துல நான் ஒரு நாளாச்சும் லீவு போட்டிருக்கறனுங்களா?"

"அது சரி..."

"அப்ப எதுக்குங்க நான் ஓடிப்போயிருவேன்னு எல்லாருமே நெனைக்கறீங்க?"

சத்தம் அலுவலகத்துக்கு வெளியே வரை கேட்டிருக்க வேண்டும். கிளார்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். தாளாளர் கடிதம் கொடுத்தார். பள்ளி திறக்கும் நாளில் பணிக்குத் திரும்புவார் என்று முத்திரை வைத்துக் கொடுத்தார். என் சம்பளச் சீட்டுகள், என் கணக்கு, என் கடிதம். தொழில் என்ற கட்டத்தில் விடுதிக் காப்பாளர் என்று நானே எழுதினேன். விரல் ரேகை போன வருஷம் கொடுத்ததே செல்லும் என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் விசா ஒட்டி வந்தது.

நான் கிளம்பும் நாள் கணவருக்குத் தெரியும். அன்று அவர் பண்ணையை விட்டு வெளியே வரவில்லை.

அந்த நாட்டு விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி திரும்பும் டிக்கெட்டைக் கேட்டான். கொடுத்தேன். மகளின் முகவரியைக் கேட்டான். கொடுத்தேன். எதற்காகத் திரும்பிப் போகிறாய் என்று கேட்டான். என் ஆங்கிலத்தில், "வேலை இருக்கிறது" என்றேன். பள்ளிக் கடிதத்தைக் கண்ணாடியில் பதித்துக் காட்டினேன். அவன் அதைப் படிக்கவே இல்லை. முத்திரை குத்தினான்.

மகள் கட்டிப்பிடித்தாள். ஆனால் மூன்றாவது நாள் சமையலறையில் அவள் முகம் மாறியது.

"போன வருஷம் விசா கெடைக்கலைன்னு சொன்னதை நான் நம்பவே இல்லம்மா. அப்பாவுக்குப் பயந்துட்டு நீயா வராம இருந்துட்டேன்னு நெனச்சேன். ஒரு வருஷமா அந்தக் கோவந்தான் எனக்கு."

அந்த ஒரு வருஷம் வாரம் ஒரு முறை இரண்டு நிமிஷம் மட்டும் அவள் பேசியதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்த அந்தப் பழைய மறுப்புத் தாளை எடுத்துக் காட்டினேன். அவள் பார்த்தாள்.

"இதை அப்பவே அனுப்பியிருக்கலாம்ல?"

"அனுப்பித்தான் நான் உன்ற அம்மான்னு நிரூபிக்கோணுமா சாமி? அதிகாரிக்கும் காயிதம், உனக்கும் காயிதமா?"

இரண்டு பேரும் கத்தினோம். மருமகன் ஒரு வார்த்தையும் புரியாமல் கதவருகே நின்றுவிட்டு, குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். கத்தி முடித்த பிறகு மகள், "பேசாம இங்கயே இருந்துரும்மா. அவரு அங்க தனியாக் கெடக்கட்டும்" என்றாள். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாக இருந்தது. அவரைத் தண்டிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் வருவேன் என்று எழுதிக் கொடுத்தவள் நான். நாலு பேர் சந்தேகப்பட்டதை உண்மையாக்கிக் காட்ட எனக்கு மனசில்லை. "இல்ல, போறேன்" என்றேன். மிச்ச நாட்கள் நன்றாகவே போயின. மருமகன் கோழி வறுவல் கற்றுக்கொண்டார்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ஊர் வந்து சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் பண்ணைக்கே போனேன். துணிமணி அங்கேதான் இருந்தது. கணவர் கேட்டில் நின்றார். இளைத்திருந்தார்.

"வர மாட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார்.

"தெரியும்ங்க."

பெட்டியை அவர் வாங்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. உள்ளே போய்க் குளித்து, சோறு வைத்து, இரண்டு தட்டில் போட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டே, "எப்படி இருக்கறா?" என்று கேட்டார்.

"அவ நம்பர் மாறலைங்க. நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க."

திங்கட்கிழமை நான் விடுதிக்குப் போய்விட்டேன். அவர் இன்றுவரை அவளைக் கூப்பிடவில்லை. அவர் கேட்டார் என்று நானும் மகளிடம் சொல்லவில்லை.