நான் பார்க்காததா?

என் நாத்தனார் சென்னையிலிருந்து மைசூருக்கு வருகிறாள் என்றால் அவளுக்கு முன்னால் அவளுடைய அட்டவணை வந்துவிடும். இந்தத் தடவை அது பிப்ரவரி கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கும்போது வாட்ஸப்பில் வந்து விழுந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மணிக்கணக்காகப் பிரித்திருந்தாள். சனிக்கிழமை காலை ஆறரைக்கு சோமநாதபுரம், அங்கிருந்து மேல்கோட்டை. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணம் கோயில், கோடைக்கால அரண்மனை, பட்டுப்புடவை, சாப்பாடு. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வரி: ‘ரங்கனதிட்டு பறவைகள், இருபது நிமிஷம், நேரம் இருந்தால்.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோமநாதபுரத்தில் ஆறரைக்குப் போய் நின்றால் பூட்டிய கேட்டைத்தான் கும்பிட வேண்டும். அது ஊருக்குக் கிழக்கே, மேல்கோட்டை வடக்கே. இரண்டையும் முடிச்சுப் போட்டால் மேல்கோட்டையில் நடை சாத்தியபிறகுதான் போய்ச் சேருவோம். மேப்பில் விரல் வைத்துப் பார்த்தாலே தெரிகிற விஷயம். ஆனால் நான் இங்கேயே பிறந்தவள், ரயில்வேக்காரரின் மகள், எனக்கு என்ன தெரியும்? மணி போடுவது அவள், வண்டி ஓட்டுவது என் கணவர், சோறு கட்டுவது நான். இருபத்து மூன்று வருஷமாக இதுதான் ஏற்பாடு.

ஆனால் அன்றைக்கு என் வயிறு எரிந்தது அந்தக் கடைசி வரிக்காகத்தான். ஏனென்றால் இந்தத் தடவை, அங்கே காவிரியில் பறவை காட்டக் கூட்டிப்போகும் படகில் நானும் ஏறுவதாக முடிவு செய்திருந்தேன்.

இதை வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமானதிலிருந்து எத்தனை கூட்டத்தை ரங்கனதிட்டுக்குக் கூட்டிப்போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கணவரின் ஆட்கள், என் ஆட்கள், அவர்களுடைய சம்பந்திகள். ஆனால் நான் ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை. முதல் தடவை மாமியாருக்குத் தண்ணீர் என்றால் பயம், துணைக்குக் கரையில் உட்கார்ந்தேன். அப்புறம் மகன் கைக்குழந்தை. அப்புறம் பைகள். காரில் வைத்தால் கண்ணாடியை உடைத்து எடுத்துவிடுவார்கள் என்பது நாத்தனாரின் தீராத பயம், வெளியே வைத்தால் குரங்கு. அதுவும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது, எண்ணிப் பார்த்தால் எப்போதும் ஒரு இடம் குறையும். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நான் முந்திக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் பார்க்காததா?" என்பேன்.

ஆமாம், நானேதான் சொல்வேன். யாரும் என் வாயைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை அனுப்பிவிட்டு நாம் பின்தங்குவதுதான் மரியாதை என்று வளர்த்துவிட்டார்கள். ஒரு தடவை சொன்னபிறகு அடுத்த தடவை மாற்றிச் சொல்ல முடியவில்லை. நாளாக ஆக மற்றவர்கள் எனக்காகச் சொல்ல ஆரம்பித்தார்கள். "அவ பார்க்காததா!" பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது. சரி, நாம் இரண்டு பேர் மட்டும் ஒரு நாள் போகலாமே என்றால் கணவர், "எங்க போயிடப்போகுது, பக்கத்துலதானே இருக்கு" என்பார். பக்கத்தில் இருக்கிற எதையும் இந்த ஊர்க்காரர்கள் பார்ப்பதில்லை.

மானம் போனது ஜனவரியில். ஆபீசில் புதிதாக வந்த ஹாசன் பெண் ஒருத்தி, குடும்பத்தோடு ரங்கனதிட்டு போவதாகச் சொல்லி, படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று கேட்டாள். சாப்பாட்டு மேசையில் இருந்த அத்தனை பேரும் என்னைக் கைகாட்டினார்கள். நான் கொஞ்சமும் யோசிக்காமல் வலது பக்கம் என்றேன். திங்கட்கிழமை வந்து அவள் சிரித்துக்கொண்டே, "மேடம், பறவை எல்லாம் இடது பக்கம். நாங்கள் முக்கால்வாசி நேரம் தண்ணீரைத்தான் பார்த்தோம்" என்றாள். அன்றைக்கு என் டப்பாவில் இருந்த சித்ரான்னம் எனக்கு இறங்கவில்லை. ஐம்பது வயதில் ஒரு பறவையைக்கூடப் பக்கத்தில் பார்க்காமல், பார்த்தவள் மாதிரி ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமே என்று அசிங்கமாக இருந்தது.

அதனால் இந்த அட்டவணையை உடைத்தே தீர வேண்டும். பிப்ரவரி மார்ச்தான் கூடு கட்டும் காலம், காலை முதல் படகு என்றால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. போனில் பேசினேன்.

"அண்ணி, சனிக்கிழமை காலைல முதல்ல பறவை பார்த்துடலாம். அங்கிருந்து நேரா மேல்கோட்டை. ஞாயித்துக்கிழமை சும்னே கூட்டம் ஜாஸ்தி."

"அது என்ன சும்னே? சும்மான்னு சொல்ல வராதா? இத்தனை வருஷமாச்சு, உன் தமிழ் தேறவே இல்லம்மா" என்று சிரித்தாள். "பறவைக்காகவா நாங்க அவ்வளவு தூரத்துலருந்து வர்றோம்? நம்ம வேடந்தாங்கல்ல இல்லாத பறவையா? நேரம் இருந்தா ஒரு எட்டு பார்த்துக்கலாம். நீ என்ன, பார்க்காததா?"

பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன். கணவரிடம் போய் நின்றேன். அவர் பேப்பரை இறக்காமலே, "அக்கா போட்டது போட்டதா இருக்கட்டுமே, உனக்கு என்ன போச்சு? நீ பார்க்காததா?" என்றார். வாயில் என்ன கொழுக்கட்டையா, அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாதா என்று கத்தினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

நல்லபடியாகச் சொன்னால் நடக்காது என்று தெரிந்தபின் பொய் சொன்னேன். வியாழக்கிழமை போன் செய்து, "அண்ணி, ஞாயித்துக்கிழமை படகு விட மாட்டாங்க போலிருக்கு. அணையில தண்ணி திறக்கிறாங்களாம்" என்றேன்.

"யாருக்கு, எங்களுக்கா?" என்றாள் வியப்பாக. "நிஜமாவா சொல்ற? டிவில ஒண்ணும் காட்டலியே!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதெல்லாம் டிவியில் வராது என்றேன். மழைக்காலத்தில் அணை நிரம்பித் திறந்துவிட்டால் படகை நிறுத்துவது உண்மைதான். மாசி மாசத்தில் எங்கிருந்து நிரம்பும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவருக்கு இது தெரியாமல் இல்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேப்பரை எடுத்துப் பிரித்தார். சாயங்காலம் புது அட்டவணை வந்தது. சனிக்கிழமை முதல் வரியில் பறவைகள். அந்த இருபது நிமிஷம் மட்டும் மாறவில்லை.

சனிக்கிழமை விடிவதற்குள் எழுந்து இட்லி, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் எல்லாம் கட்டி முடித்தேன். ஐந்து பேர் கிளம்பினோம். நாத்தனார், அவள் புருஷன், பெரிய கேமராவோடு அவர்கள் மகள், நாங்கள் இரண்டு பேர். வழியெல்லாம் நாத்தனார் மைசூர் ரோட்டைத் திட்டினாள், மைசூர் சாம்பாரில் வெல்லம் போடுவதைத் திட்டினாள், நான் கட்டிய புடவையின் நிறத்தையும் விடவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இடது பக்கம் உட்கார வேண்டும், இடது பக்கம் உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

டிக்கெட் ஐந்து எடுத்தாயிற்று. படித்துறைக்குப் போனால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வரிசையில் நிற்கிறது. கிளம்பத் தயாராக இருந்த படகில் ஏற்கனவே ஆட்கள். படகுக்காரர் எங்களை எண்ணிப் பார்த்து, "நால்கு ஜன அஷ்டே" என்று நான்கு விரலைக் காட்டினார். மீதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய் வந்த பிறகுதான், ஒரு மணி நேரமாவது ஆகும்.

"ஒரு மணி நேரமா? மேல்கோட்டையில நடை சாத்திடுவாங்க!" என்றாள் நாத்தனார். அதற்குள் உயிர்காக்கும் சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டாள். தோளிலிருந்த பையைக் கழற்றி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், என் கையில் மாட்டினாள். "நாம நாலு பேர் போயிட்டு வந்துடலாம். அவளுக்கென்ன, அவ பார்க்காததா."

"நான் பார்த்ததில்ல" என்றேன்.

கணவர் ஏதோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தலைக்கு ஏறியது.

"ஒரு தடவகூடப் பார்த்ததில்ல. இருபத்து மூணு வருஷமா இங்க வந்து உங்க பைகளைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். இன்னிக்கு நான் போறேன். யார் இருக்கப்போறீங்கன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாரின் மகள், "அத்தை, நான் வேணா இருக்கேன்" என்று கேமராவைக் கழற்றப் போனாள். நாத்தனார் அவள் கையைத் தட்டிவிட்டாள். சட்டையின் பட்டைகளைப் படபடவென்று அவிழ்த்தாள்.

"இந்தா, போ. போய் நல்லா கண் குளிரப் பாரு. விருந்தாளியக் கரையில உட்கார வெச்சுட்டு வீட்டுக்காரி சவாரி போறா. நல்ல ஊரு, நல்ல வழக்கம்!"

‘ஐயோ வேண்டாம் அண்ணி, நீங்களே போங்க’ என்பது தொண்டை வரை வந்தது. பழக்கதோஷம். விழுங்கிவிட்டு, பையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன், சாப்பாட்டுப் பையையும் சேர்த்து. சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டேன். அவள் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.

இடது பக்கம்தான் உட்கார்ந்தேன். அந்த அரை மணியைப் பற்றி என்ன சொல்ல! மஞ்சள் மூக்கு நாரை ஒன்று நீளமான ஒரு சுள்ளியை வாயில் வைத்துக்கொண்டு, எங்கே செருகுவதென்று தெரியாமல் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. கரண்டிவாயன் நிஜமாகவே கரண்டி மாதிரி மூக்கோடு நின்றது. இதையெல்லாம் வந்தவர்களிடம் நான் கதையாகச் சொல்லியிருக்கிறேன், படகுக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியது. நான் சொன்னதில் பாதி தப்பு. குஞ்சுகள் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை. பாறை மேல் முதலை ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. என் பெயரையே மறந்து உட்கார்ந்திருந்தேன்.

படகு ஒரு திட்டைச் சுற்றித் திரும்பியபோது கரை தெரிந்தது. மூங்கில் புதருக்குக் கீழே அந்த பெஞ்சு. என் பெஞ்சு. அங்கே உட்கார்ந்தால் படகு கிளம்புவதும் வருவதும் மட்டும் இலைச் சந்தில் தெரியும். அதனால் என்னையும் யாருக்கும் தெரியாது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தண்ணீரிலிருந்து பார்த்தால் அப்படியே பளிச்சென்று தெரிகிறது. நாத்தனார் மடியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாகப் பைகளை வைத்துக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பதுகூடத் தெரிந்தது.

"இங்கிருந்து அந்த பெஞ்சு தெரியுமா?" என்று கணவரைக் கேட்டேன்.

"எப்பவும் தெரியுமே" என்றார்.

"நான் உட்கார்ந்திருக்கிறது?"

"ம். இந்தப் பக்கமே பார்த்துக்கிட்டிருப்ப." தலையைத் திருப்பாமலே, கதை சொல்வது மாதிரி மேலே பேசினார். "நம்ம பையன் சின்னவனா இருந்தப்ப ஒரு தடவ, அக்காகூட கேட்டா, பாவம், அவ தனியா உட்கார்ந்திருக்காளே, படகை ஓரமா நிறுத்தி அவளையும் ஏத்திக்கலாமான்னு. படகுக்காரரும் சரின்னாரு. நான்தான் சொன்னேன், அவ பார்க்காததா, போலாம்னு."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தான், கை மரத்துப்போயிருந்தது, படகு கொஞ்சம் வேகம் குறைந்த மாதிரி இருந்தது, நான் எழுந்து நின்றேன், அப்புறம் அது போய்விட்டது. இத்தனை வருஷமும் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

கையைத் தூக்கி நாத்தனாருக்கு ஆட்டினேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேல்கோட்டை போய்ச் சேரும்வரை இந்தத் தடவை நாத்தனார்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினோம். மேலே நரசிம்மர் கோயிலுக்குப் படி ஏற வேண்டும், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாத்தனாரின் மகளும் புருஷனும் முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். கணவர் காரைப் பூட்டிவிட்டு வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"நீங்க எங்க கிளம்பறீங்க?" என்றேன். "குரங்கு இருக்கு. பைகளோட நீங்க இங்கயே உட்காருங்க. நாங்க போயிட்டு வர்றோம். நீங்க பார்க்காததா?"

"என்ன விளையாடறியா? நான் இந்த மலை ஏறினதே இல்லடி!" என்றார். உதவிக்கு அக்காவைப் பார்த்தார்.

நாத்தனார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாள், சாப்பாட்டுப் பையை அதன் மேல் வைத்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேற ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே ஏறினேன்.