இறக்கும் முன் இரண்டு தட்டு

நான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். எதிர்வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போன விஷயத்தில் கூட்டியிருப்பேன். கோடி வீட்டுக்காரரின் தலைமுடிச் சாய விஷயத்தில் நிச்சயம் கூட்டியிருக்கிறேன். இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. நடந்தது நடந்தபடி.

என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு வாத்தியாரின் கார் ஷெட் தெரியும். அப்படி ஜன்னல் வைத்தது கொத்தனார், நான் இல்லை. வாத்தியார் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு மெக்கானிக்கோடு சண்டை. இனி கார் வேலை எல்லாம் நானே பார்ப்பேன் என்று ஒரு கார் லிஃப்ட் வாங்கி வந்தார். புதியது இல்லை. யாரோ ஒரு அம்மா விற்றது.

இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், ஒரு மோட்டார் பெட்டி, ஒயரில் தொங்கும் பொத்தான்கள். சட்டங்களைக் காருக்கு அடியில் தள்ளி மேல் பொத்தானை அழுத்தினால் கார் இடுப்பு உயரத்துக்கு ஏறும். ஏற ஏற உள்ளே பூட்டு விழும். டக்... டக்... டக்... என் மதியத் தூக்கம் அதோடு போயிற்று.

சட்டத்தின் பக்கவாட்டில் வெள்ளை பெயின்டில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள். 'இறக்கும் முன் இரண்டு தட்டு.'

"அது என்ன சார்?" என்று மதில் மேலிருந்து கேட்டேன்.

"ஒர்க்‌ஷாப் பழக்கம்மா. இறக்குறவன் ஸ்பேனரால சட்டத்துல ரெண்டு தட்டு தட்டணும். அடியில யாராவது இருந்தா பதிலுக்கு ரெண்டு தட்டுவான். பதில் வந்தா இறக்கக் கூடாது. வரலேன்னா கீழ யாரும் இல்லேன்னு அர்த்தம். இறக்கலாம்."

"ஷெட்ல நீங்க ஒரே ஆளு. யாரைக் கேட்டுத் தட்டுவீங்க?"

"விதின்னா விதிதான்."

அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவரை நான் அக்கா என்பேன். "கதவைத் தட்டிட்டு வாங்கன்னு முப்பது வருஷமா சொல்றேன். கேட்டதில்ல. காருக்கு மட்டும் என்ன மரியாதை பாரு!"

ஆனால் மனிதர் தட்டினார். ஒவ்வொரு முறையும். எனக்கு அது தினசரி வேடிக்கை.

ஒரு புதன்கிழமை, மாலை 4:10. டொக் டொக். சற்றுப் பொறுத்து, மெதுவாக, மறுபடி டொக் டொக்.

"யாரு சார், துணைக்கு ஆள் வச்சிட்டீங்களா?"

"இல்லையே."

"ரெண்டு தடவை தட்டுனீங்க?"

"ஒரு தடவைதான்மா." காது நீளம் என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினார்; பதில் வரவில்லை, இறக்கினார்.

வெள்ளிக்கிழமை, 2:50. வாத்தியார் கடைக்குப் போயிருந்தார். கார் மேலே நின்றது. அடியில் அவர் படுத்து வேலை பார்க்கும் அட்டை விரிந்திருந்தது. அதன்மேல் யாரோ புரளும் சத்தம். சரக்... சரக்... பூனை என்று நினைத்தேன். பூனை என் மதில்மேல் இருந்தது. ஷெட்டைப் பார்த்தபடி, வாலெல்லாம் சிலிர்த்து.

இதற்கு நடுவே வாத்தியார் வீட்டில் மகள் நிறைமாசம். அக்கா திட்டாத நாள் இல்லை. "திடீர்னு வலி வந்தா இந்தக் காரை அந்தரத்துல வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"பத்தே நிமிஷம். இறக்கிடுவேன்."

வலி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியம் 3:14. வெளியே நல்ல மழை. அலறல் கேட்டதும் மதிலைச் சுற்றி ஓடினேன். போகாமல் இருக்க என்னால் முடியுமா?

கார் மேலே நின்றது. வாத்தியார் கடைசிச் சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்தார். மகள் வாசல் படியில் சுவரைப் பிடித்துக் குனிந்திருந்தாள். அக்கா கையில் போன்.

"வாடகை வண்டி முக்கால் மணி நேரம் ஆகுமாம்! இவளுக்குத் தாங்காதுங்க!"

வாத்தியார் பொத்தானை என் கையில் திணித்தார். "முதல்ல கொஞ்சம் மேல ஏத்தும்மா. நான் பூட்டை எடுக்கிறேன். அப்புறம் கீழ் பொத்தான்."

ஏற்றினேன். பூட்டை எடுத்தார். பழக்க தோஷம், ஸ்பேனரால் சட்டத்தில் தட்டினார்.

டொக் டொக்.

3:20.

டொக் டொக்.

பதில் காருக்கு அடியிலிருந்து வந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வாத்தியார் டார்ச் அடித்துக் குனிந்தார். நானும் குனிந்தேன். அட்டை இருந்தது. வேறு யாரும் இல்லை.

"இரும்போட எதிரொலி," என்றார். மறுபடி தட்டினார்.

ஸ்பேனரைச் சட்டத்திலிருந்து எடுக்கும் முன்பே பதில். டொக் டொக்.

"அப்பா..." என்று மகள் கத்தினாள்.

"சார், யாரோ இருக்காங்க..."

"யாரும் இல்லம்மா! பார்த்தியே! அழுத்து!"

நான் அழுத்தினேன்.

கார் இறங்கியது. மெதுவாக. ஆனால் அந்தத் தட்டு மெதுவாக இல்லை. டொக் டொக். டொக் டொக் டொக். டொக்டொக்டொக்டொக்...

பிறகு நின்றது.

3:22.

வாத்தியார் முகம் வெளுத்திருந்தது. சட்டங்களை இழுத்துப் போட்டு மகளை ஏற்றினார். கார் மழையில் மறைந்தது.

ஷெட்டில் நான் மட்டும். குனிந்து அந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தேன்...

சூடாக இருந்தது.

மாலை 5:05-க்குப் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம். தெரு முழுக்க நான்தான் சொன்னேன். தட்டைப் பற்றிச் சொல்லவில்லை. நான் வாய்க்குள் வைத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

திங்கட்கிழமை. மதியம் 3:22. சமையலறையில் நிற்கிறேன்.

டொக் டொக்.

தலைக்கு மேலே. கூரையில்.

எனக்கு மாடி வீடு கிடையாது. என் வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை. நான் மட்டும். மேலே ஏறிப் பார்த்தேன். வெறும் மொட்டை மாடி. கீழே இறங்கி வந்தபோது ஒரு சத்தம்.

டக்.

செவ்வாய், 3:22. டொக் டொக். சற்று நேரம் அமைதி. டக்.

புதன், அதேபோல்.

வியாழக்கிழமை சமையலறைக் கதவு மூடவில்லை. மேல்பக்கம் பிடித்தது. தச்சரைக் கூப்பிட்டேன்.

"கதவு வீங்கலைம்மா. மேலேர்ந்து அமுக்குது. மாடியில பாரம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்லையே."

அவர் கூரையைப் பார்த்தார். கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

வாத்தியாரிடம் நைச்சியமாகப் பேசி, லிஃப்டை விற்ற அம்மாவின் போன் எண்ணை வாங்கினேன். நடந்ததைச் சொன்னேன்.

"என் வீட்டுக்காரர் விளையாட்டுக்காரர்மா. அடியில இல்லாதப்பவும் எட்டி நின்னு தட்டி என்னை ஏமாத்துவார். அன்னிக்கும் பதில் தட்டினார். விளையாடுறாருன்னு அழுத்திட்டேன்... மூணு இருபத்திரண்டு."

நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன்.

"மறுநாள்லேர்ந்து கூரையில தட்டு. ரெண்டு வருஷமா. லிஃப்டை வித்தும் நிக்கல. போன ஞாயித்துக்கிழமையோட நின்னுது. பொத்தானை அழுத்தினது யாரு? நீங்களா?"

"...ஆமா."

"எழுதி வச்சிருந்தேனே. படிக்கலையா?"

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"தட்டினா பதில் தட்டுங்க. ஒரு நாளும் தவறாதீங்க. பதில் வரலேன்னா கீழ யாரும் இல்லேன்னு அர்த்தம்மா."

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று முதல் தினமும் 3:22-க்குக் கரண்டியோடு சமையலறையில் நிற்பேன். கல்யாணம், சாவு, ஊர் வம்பு எதற்கும் போவதில்லை. ரொம்ப நல்லவளாகிவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். முன்பு மின்விசிறி துடைக்க எனக்கு நாற்காலி வேண்டும். இப்போது வேண்டாம்.

போன மாதம் வாத்தியார் லிஃப்டை விற்றார். அதற்குமுன் சட்டத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்தார். வெள்ளை எழுத்து மறைந்தது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாங்க வந்தவர் நல்ல மனிதர், சின்ன வயது. வீட்டிலேயே கார் வேலை பார்க்க ஆசையாம். உதவிக்கு மனைவி இருக்கிறாளாம். அவர் போன் எண்ணைக்கூடக் கேட்டு வாங்கி வைத்தேன்.

ஊரில் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்கிறவள் நான். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவர் வாங்கமாட்டார். அவர் வாங்காவிட்டால்...

போன வாரம் செவ்வாய்க்கிழமை 3:22. கரண்டியோடு நின்றேன்.

தட்டு வரவில்லை.

புதனும் வரவில்லை. மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருந்தேன். நான்காம் நாள் மனசு கேட்கவில்லை. பதில் தட்டச் சொல்ல வேண்டும் என்று லிஃப்டை வாங்கினவரின் எண்ணுக்குப் போன் செய்தேன்.

மணி போனது. எடுக்கவில்லை.

இன்றோடு ஒன்பது நாள். காலை, மதியம், மாலை என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மணி போகிறது... போய்க்கொண்டே இருக்கிறது.