கிரில்லுக்குச் சக்கரம் எதற்கு?

“பாப்பா, கிரில்லு செத்துப்போச்சு.”

பூஞ்சேரியிலிருந்து அண்ணி போனில் சொன்ன முதல் வாக்கியமே இதுதான். குரலில் அப்படி ஒரு கனம். செங்கல்பட்டு பேருந்து நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே நின்றிருந்த நான், “ஐயோ... எப்போ அண்ணி?” என்று கேட்டேன். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்மணி என்னை அனுதாபத்தோடு பார்த்து, உட்கார இடம் விட்டார்.

என் அண்ணி ஜெயந்தியை நான் எழுதும் இந்தப் பத்தியில் முன்பே சந்தித்தவர்கள் இருப்பீர்கள். சந்திக்காதவர்களுக்குச் சிறு அறிமுகம். சனி, ஞாயிறு மாலைகளில் மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதியின் தோட்டத்து மூலையில் நின்று மீனும் கோழியும் சுட்டுத் தருபவர். வஞ்சிரத்துக்கு அவர் தடவும் மசாலாவுக்காகவே சென்னையிலிருந்து கார்கள் வருகின்றன.

அந்த மூலையை விடுதி மேனேஜர் கொடுத்ததற்கு ஒரு நிபந்தனை உண்டு. கரி அடுப்பு கூடாது. விருந்தினர்களின் துணியில் புகை நாற்றம் ஏறுகிறதாம். ஆனால் அதே விருந்தினர்கள் மீனில் மட்டும் புகை வாசம் வேண்டும் என்கிறார்கள்! புகை கூடாது, புகையின் ருசி வேண்டும். யோசித்துப் பார்த்தால், நம் காலத்தின் பெரும்பாலான ஆசைகள் இந்த வகையைச் சேர்ந்தவைதானோ?

இந்த ஆசையைத் தீர்த்து வைத்தது ஒரு பெல்லட் கிரில் அடுப்பு; செத்துப்போனது அதுதான். சிறுசேரியில் வசித்த ஒரு ஐ.டி. குடும்பம் வெளிநாடு கிளம்பும்போது மலிவாகத் தள்ளிவிட்டுப் போனது. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள்தான் பெல்லட். பக்கவாட்டுப் பெட்டியில் அவற்றைக் கொட்டினால், உள்ளே ஒரு திருகுத் தண்டு மெல்லச் சுழன்று அவற்றை நெருப்புக்குத் தள்ளும். சின்ன விசிறி காற்று ஊதும். சூட்டை ஒரு மின்னணு போர்டு பார்த்துக்கொள்ளும். புகை குறைவு, ருசி நிறைவு. பெல்லட் பார்ப்பதற்கு அச்சு அசலாகக் கோழித் தீவனம். “கோழித் தீனிய எரிச்சு கோழி சுடற ஒரே பொம்பள நீதாம்மா” என்று, வாரந்தோறும் கிரில்லை வீட்டிலிருந்து ஏற்றி வரும் லோடு ஆட்டோ டிரைவர் மணி அண்ணியைக் கிண்டல் செய்யாத வாரமில்லை.

சாவு எப்படி நேர்ந்தது? ஆயுத பூஜை முடிந்து வந்த சனிக்கிழமை, சுவிட்சைப் போட்டதும் கிரில் முனகியது. பிறகு உறுமியது. பிறகு தீய்ந்த வாடையோடு மௌனமானது. மிக்ஸி ரிப்பேர் செய்பவர் வந்து பார்த்து, “மோட்டாரும் போச்சு, போர்டும் போச்சு. எல்லாம் உப்புக் காத்து” என்று தீர்ப்பளித்தார். கடலோரத்தில் எது கெட்டாலும் பழி உப்புக் காற்றின் மேல்தான். பாவம், அது மறுத்துப் பேசுவதில்லை.

அடுத்த சனிக்கிழமைக்குள் வேறு மிஷின் வராவிட்டால் அந்த மூலை ஒரு ஷவர்மா கடைக்குப் போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சீசன் தொடங்கப்போகிற நேரம். அங்கே இடம் பிடிக்க அண்ணி பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒருமுறை விட்டால் திரும்பக் கிடைக்காது.

“நீ படிச்சவ பாப்பா. எத வாங்கறதுன்னு நீயே சொல்லு” என்றார் அண்ணி.

இதுதான் என் பலவீனம். சமூகப் பணியில் முதுகலை படித்தவளிடம் ‘எது நல்லது?’ என்று கேட்கக் கூடாது. ‘யாருக்கு நல்லது?’ என்று ஆரம்பித்துவிடுவேன்.

ஆரம்பித்தேன். நான்கு இரவுகள் இணையத்தில் விமர்சனங்களைப் படித்தேன். ஒருவர், பிரீமியம் மாடல் வாங்காதவன் மூடன் என்கிறார். அதற்குக் கீழேயே இன்னொருவர், வாங்கியவன்தான் மூடன் என்கிறார். இருவருக்கும் சம அளவு லைக்குகள்! சாதா மாடல் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், குப்பையாகும், அந்தக் குப்பை எங்கே போகும்? பிரீமியம் மாடல் எவர்சில்வர் உடம்பு. நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதன் விலைக்கு அண்ணியின் ஒரு சீசன் உழைப்பு முழுவதும் போய்விடும். அதை மீட்பதற்காக மீனின் விலையை ஏற்றினால், இப்போது வாரம் தவறாமல் வருகிற கல்பாக்கம் குடும்பங்கள் வருமா? போதாக்குறைக்கு, பெல்லட் அமெரிக்க ஆப்பிள் மரத்திலிருந்து வருகிறதாம். வழியெல்லாம் சவுக்குத் தோப்பு நிற்கிற ஊரில், கப்பலேறி வந்த ஆப்பிள் மரத்தை எரித்து உள்ளூர் வஞ்சிரத்தைச் சுடுவது எந்த வகை நியாயம்?

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. இருந்தாலும் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். கொன்றது உப்புக் காற்று என்றால், உப்புக் காற்றைத் தாங்குவதே சரியான தேர்வு. ஆகவே... பிரீமியம். தர்க்கம் சரிதானே?

சென்னையில் ஒரு பெரிய ஷோரூம். நான், அண்ணி, அண்ணன் குமரன் மூவரும் போனோம். அண்ணன் கல்பாக்கம் வழித்தடத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். சக்கரம் உள்ள எதையும் அவரால் சும்மா கடந்துபோக முடியாது.

“இது நம்ம டாப் எண்ட் மாடல் மேடம்” என்றார் விற்பனையாளர். தம்பி மிகவும் மரியாதையான பையன். “டபுள் வால் பாடி, ஃபுல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வைஃபை இருக்கு. நீங்க வீட்ல உட்கார்ந்துகிட்டே ஃபோன்ல டெம்பரேச்சர் பார்க்கலாம்.”

“வூட்ல குந்திகினு பாத்தா மீன யாருப்பா திருப்பறது?” என்றார் அண்ணி.

“அலர்ட் வரும் மேடம்.”

“அலர்ட்டு வரும் சரி. வந்து திருப்புமா?”

அதற்குள் அண்ணன் கீழே குனிந்து கிரில்லின் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் டயரை அழுத்துவாரே, அதே பாவனை. “நாலு வீலும் நல்ல வீலு பாப்பா. பிரேக்கு லாக்கு கூட கீது! இதையே வாங்கிடு.”

நான் என் பங்குக்கு, எந்த விற்பனையாளரும் விரும்பாத கேள்வியைக் கேட்டேன். “வாரண்டில எதெல்லாம் வராது?”

“மிஸ்யூஸ், வோல்டேஜ் பிரச்சினை, வாட்டர் டேமேஜ்... இதெல்லாம் வராது மேடம்.”

அண்ணன் தலையைத் தூக்கினார். “வாட்டர்னா... மழத் தண்ணி தானே?”

“எந்தத் தண்ணியா இருந்தாலும் சார். பெல்லட் பெட்டிக்குள்ள தண்ணி போனா பெல்லட் ஊறி உப்பிடும். அப்புறம் காய்ஞ்சு சிமெண்ட் மாதிரி இறுகிடும். ஸ்க்ரூ சுத்தாது. மோட்டார் போகும், கூடவே போர்டும் போகும்.”

மோட்டாரும் போர்டும். இந்த ஜோடியை எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது.

“அப்போ... இத கழுவக் கூடாதா?” அண்ணனின் குரல் பாதியாகியிருந்தது.

“கழுவறதா? ஈரத்துணியால தொடைச்சாப் போதும் சார்.”

அண்ணி மெதுவாகத் திரும்பினார். “யோவ். ஆயுத பூசைக்கு நான் அச்சரப்பாக்கத்துல எங்கம்மா வூட்டுக்குப் போயிருந்தப்ப, நீ இன்னா பண்ண?”

“பூச தான் போட்டேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“...கழுவுனேன்.”

“எதுல?”

“ஓஸ்ல.” பிறகு யாரும் கேட்காமலேயே வாக்குமூலம் கொட்டியது. “பஸ்ஸ கழுவன கையோட அப்டியே பைக்க கழுவுனேன். பக்கத்துல இது நின்னுகினு இருந்துச்சு. இதுக்கும் நாலு சக்கரம் கீதுல்ல? அத மட்டும் உட்டா ஒரு மாதிரி இருக்கும்னு... சோப்பு போட்டு நல்லாதான்மா கழுவுனேன். பொட்டு வச்சி, மால போட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சி ஏத்தினேன். திருஷ்டியெல்லாம் கழிச்சேனே!”

எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலையோடு பளபளவென்று நின்ற கிரில்லின் படத்தை அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ‘என்ன அழகு!’ என்று நான்கூட பதில் போட்டிருந்தேன். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ரசித்தது ஒரு பிரேதத்தை.

“பூச போட்டே கொன்னுட்டியேயா!” அண்ணி தலையில் கை வைத்தார். “நான் இன்னாடான்னா உப்புக் காத்த திட்டிகினு கீறேன்.”

“தெரிஞ்சா செய்வனா? உனக்குச் சோறு போடுற மிஷின்னு தானே...” என்றார் அண்ணன்.

அந்தத் தம்பிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் தொழிலை விடவில்லை. “டாப் மாடலுக்கு வெதர் கவர் ஃப்ரீ சார்” என்றார்.

இங்கேதான் என் தர்க்கம் இடிந்து விழுந்தது. கொலையாளி உப்புக் காற்று இல்லையென்றால், எவர்சில்வர் உடம்பு எதற்கு? பிரீமியமும் ஓஸ் தண்ணீரில் இதே சாவைத்தானே சாகும் — அதிக விலையில்? அப்படியென்றால் சாதா போதும். ஆனால் உப்புக் காற்று இந்த முறை நிரபராதி என்பதால் எந்த முறையும் நிரபராதி ஆகிவிடுமா? இரண்டு வருடம் கழித்து அடித்தகடு துருப்பிடித்தால், ‘படிச்சவ சொன்னா, வாங்கினோம்’ என்றுதானே ஆகும்? நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.

அண்ணி யோசிக்கவில்லை. வரிசையாக நின்ற கிரில்களை ஒருமுறை நடந்து பார்த்தார். திரும்பி வந்து ஒரே கேள்விதான் கேட்டார்.

“தம்பி, இதுல சக்கரம் இல்லாதது எது?”

“மேடம்?”

“சக்கரம் இருந்தா எங்க வூட்டுக்காரருக்கு அது வண்டி. வண்டின்னா கழுவுவாரு. சக்கரம் இல்லாததா ஒண்ணு காட்டு.”

தம்பி கடைக்கோடிக்குப் போய், நான்கு கால்களோடு நின்ற ஒரு நடுத்தர மாடலைக் காட்டினார். வைஃபை இல்லை. இரட்டைச் சுவர் இல்லை. சூடு காட்டும் சின்னத் திரையும் ஒரு திருகு பட்டனும் மட்டும். அண்ணி மூடியைத் திறந்து மூடினார். “இது போதும்” என்றார். நான்கு இரவுகள் நான் படித்த எந்த விமர்சனத்திலும் இப்படி ஓர் அளவுகோல் இல்லை. இது சரியான தேர்வா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை தோட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அண்ணி திருகு பட்டனைத் திருப்பினார். கிரில் உள்ளுக்குள் மெல்ல முணுமுணுத்தது. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சிறிது நேரத்தில் மெல்லிய புகை ஒரு நூல் போல எழுந்து, கடற்காற்றில் கரைந்தது. முதல் வஞ்சிரத் துண்டை மேனேஜரே வந்து வாங்கிக்கொண்டார். தின்றார். சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். “அடுத்த வாரம் ஒரு கல்யாணக் கூட்டம் வருது. மீன் கொஞ்சம் சேர்த்து எடுத்துடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஷவர்மா பற்றிய பேச்சே இல்லை. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் சொன்னார்.

கடை முடிந்ததும் கிரில்லை லோடு ஆட்டோவில் ஏற்ற வேண்டும். பழையது என்றால் ஒரு பலகையைச் சாய்த்துத் தள்ளினால் தானே உருண்டு ஏறிவிடும். இது உருளாது. அண்ணன் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம். “தூக்கு அண்ணாத்த, எலுமிச்சம்பழம் நசுக்கன கைதானே?” என்றார் மணி. புல்வெளி முழுவதும் அண்ணனின் முனகல் கேட்டது. அண்ணி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சிரித்தார்.

பிரீமியம் மாடல் கொடுக்கும் பணத்துக்குத் தகுமா, தகாதா? வாங்குகிற கையைக் கேட்டால் ஒரு பதில், தூக்குகிற இடுப்பைக் கேட்டால் வேறு பதில் என்று இப்போது தோன்றுகிறது. யாருடைய பதிலை எடுத்துக்கொள்வது என்பதுதான் புதுக் குழப்பம்.

வண்டி கிளம்பும் முன் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் வந்தார். அண்ணி கேட்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ரகசியமாகக் கேட்டார்:

“பாப்பா... அந்த நாலு வீலு மட்டும் தனியா விப்பானா?”