காற்று சொன்னவள்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. ஆறும் நன்றாக இருக்கின்றன. ஒன்றும் இங்கே இல்லை. நான் யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை. வருகிறவர்களும் மத்தியானம் சாப்பிட்டதும் பஸ் ஏறிவிடுவார்கள். அதற்குக் காரணம் மீன் மாவு கம்பெனிதான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே உப்பளம். அதைத் தாண்டினால் கம்பெனி. கம்பெனிச் சுவரை ஒட்டி மீனவர் குப்பம், அப்புறம் கடல். கழித்துப் போட்ட மீனை வேகவைத்து, காயவைத்து, அரைத்து, கோழித் தீவனத்துக்கு அனுப்புகிற கம்பெனி அது. மத்தியானம் கடல்காற்று எழும்பினால் அந்த நாற்றம் உப்பளத்தைக் கடந்து நேராக என் வாசலுக்கு வரும். சோற்றில் இருக்கும். துவைத்த புடவையில் இருக்கும்.

அதைப் பொருட்படுத்தாமல் தினமும் என் வீட்டுக்கு வந்தவள் ஒருத்திதான். குப்பத்து மீன்காரி. ஊரெல்லாம் விற்றுவிட்டுக் கடைசியாக என் வாசலில் கூடையை இறக்குவாள்.

“யக்கா, உயிரோட இருக்கிறியா?”

“உன் மீனைத் தின்னும் இருக்கிறேன்டி.”

“ஒத்த ஆளுக்கு இவ்ளோ காரப்பொடி மீனா? பூனைக்கா?”

“பூனைக்கும் எனக்கும் ஒரே பல்லுதான். போடு.”

என் வீட்டில் பூனை கிடையாது. கூடை காலியானால்தான் அவள் உட்காருவாள், அதற்காக வாங்குவேன். ஒரு தம்ளர் டீ குடிப்பாள். என்னைத் திட்டுவாள், மருமகனைத் திட்டுவாள், எழுந்து போவாள். இருபது வருஷம் இப்படிப் போயிற்று.

போன கோடையில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊருக்குத் தொந்தரவு குறைய என்ன செய்யலாம் என்று கம்பெனி அதிகாரி கேட்டார். புகையைத் தண்ணீரில் கழுவி வெளியே விடுகிற மெஷின் இருக்கிறது, வருவதற்கு நாளாகும் என்றார். ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் எழுந்து நின்றேன். முப்பத்தைந்து வருஷம் உப்பளத்தில் நின்றவள் நான். காற்று எப்போது திரும்பும் என்று என் முதுகுக்குத் தெரியும்.

“காலையில மேல்காத்து. கடலப் பாத்துப் போவும். அப்ப வேவ வை. கடல்காத்து எழும்பறதுக்குள்ள அணைச்சிடு. அவ்ளோதான்.”

“அப்ப குப்பத்துக்கு அடிக்காதா ஆயா?” என்றார் அதிகாரி. குப்பத்திலிருந்து ஒருவரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கவில்லை.

“அவங்க மீன்காரங்க சார். மீனு நாத்தம் அவங்களுக்கு ஒரு நாத்தமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“டேய், ஆயாவுக்குக் கம்பெனில வேலை கெடச்சிடுச்சுடா!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

மறுநாள் முதல் தினமும் காலையில் அதிகாரி போன் செய்தார். “ஆயா, காத்து எப்படி?” வாசலில் போய் நின்று பார்த்துச் சொல்வேன். என் வாய்ச்சொல்லுக்கு ஒரு கம்பெனி அடுப்பு மூட்டியது. அது பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று எழுத மாட்டேன். நாற்றம் நின்றது. லீவுக்கு வந்த பேத்தி முதல் தடவையாக மத்தியான பஸ் ஏறாமல் தங்கிவிட்டாள்.

மீன்காரி மட்டும் வரவில்லை. பத்து நாள் பார்த்தேன். உடம்புக்கு என்னவோ என்று, பதினோராம் நாள் காலையில் உப்பளத்து வரப்பில் மெதுவாக நடந்து போனேன். கம்பெனியைத் தாண்டியதும் நாற்றம் பின்னாலிருந்து வந்து கழுத்தைப் பிடித்தது. என் வாசலுக்கு இத்தனை வந்ததே இல்லை. அவள் வீட்டு ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கியது. மகளின் கைக்குழந்தையை ஈரத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தாள்.

“வாக்கா, காத்து சொல்றவளே,” என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

“எனக்குத் தெரியாதுடி.”

“மேல்காத்து எங்க போவும்னு உனக்கா தெரியாது? மீன்காரிக்கு மீனு நாத்தம் தெரியாதுன்னு கூட்டத்துல சொன்னியாமே. இருபது வருசம் என் கையால வாங்கித் தின்னியேக்கா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அழுகல் போட்டிருக்கேனா?”

போட்டதில்லை. திரும்பி நடந்தேன். மேல்காற்று எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் போன் வந்தது.

“ஆயா, காத்து எப்படி?”

“இனிமே சொல்ல மாட்டேன். அந்த மெஷின எப்ப கொண்டாருவ, அதச் சொல்லு.”

“நாளாகும் ஆயா. நீங்க சொல்லலைன்னா அதுவரைக்கும் பழையபடி மத்தியானம்தான் வேக வைப்போம், உங்க பக்கம்தான் அடிக்கும்.”

“அடிக்கட்டும். எங்களுக்குக் கொஞ்சம், அவங்களுக்குக் கொஞ்சம்னு பங்கு போடவா உன்னக் கேட்டோம்? நிறுத்தத்தான கேட்டோம்?”

பழையபடி அடித்தது. எங்கள் தெருவில் என்னைத் திட்டாதவர் இல்லை. பேத்தி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நான் இரு என்று சொல்லவில்லை.

மழைக்கு முன்னால் மெஷின் வந்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் கூடை அலம்பின தண்ணீர் அளவுக்குத்தான் நாற்றம். ஆனாலும் பிள்ளைகள் வந்தால் அதே மத்தியான பஸ்ஸுக்குத்தான் கிளம்புகிறார்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மீன்காரி பக்கத்துத் தெருவோடு திரும்பிப் போகிறாள். அவள் குரல் கேட்கும். ஒரு தம்ளருக்கு மட்டும் டீ போட என் கைக்கு இன்னும் வரவில்லை.

மெஷின் வந்தபிறகு எப்படி இருக்கிறது என்று கேட்க வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். குப்பத்தில் வை, இல்லாவிட்டால் நான் வரமாட்டேன் என்று அதிகாரியிடம் சொன்னேன், அங்கேயே வைக்கிறார்கள். நான் வாயால் பேசினால் பாதியில் சண்டையாகிவிடும். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத்துக் கூட்டிக் கூட்டி இதை எழுதினேன். அன்று காலை பஸ்ஸில் பேத்தி வருகிறாள். குப்பத்தில் எல்லோர் முன்னாலும் இதைப் படிக்கப் போகிறவள் அவள்தான், அதற்கு முன்பு வீட்டில் ஒரு தரம் படிக்கச் சொல்ல வேண்டும்.

வாம்மா, உக்காரு. சத்தமாப் படி. நான் சிரிச்சேன்னு எழுதியிருக்கிற எடத்த மட்டும் முழுங்கிடாத.